சட்டியின் அடியில் யார் பெயர்?

கடந்த செப்டம்பரில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வோல் பகுதிக்குப் போகக் கிடைத்தது. அங்கே செயின்ட் ஐவ்ஸ் என்றொரு கரையோர ஊர். ஒரு காலத்தில் மீன்பிடிக்குப் பேர்போனது. இப்போது ஓவியர்களின் ஊர். ஆண்டுதோறும் செப்டம்பரில் இரண்டு வாரம் கலைவிழா நடக்கிறது. அந்நாட்களில் கலைஞர்கள் பலர் தம் வேலைக்கூடங்களைத் திறந்து வைக்கிறார்கள். நாமும் உள்ளே போய், நிறம் காயாத படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசலாம். பின்னேரங்களில் இசையும் கவிதை வாசிப்பும். நான் மனம் நிறைய ரசித்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

துறைமுகத்திலிருந்து மேடேறிப் போனால் லீச் மட்பாண்டக்கூடம் வருகிறது. பேர்னார்ட் லீச்சும் அவருடைய ஜப்பானிய நண்பர் ஷோஜி ஹமதாவும் 1920இல் தொடங்கியது. சரிவில் அறை அறையாக ஏறிச் செல்லும் ஜப்பானியச் சூளையை மேற்குலகில் முதலில் கட்டியவர்கள் இவர்கள்தான். 2008இல் புதுப்பித்துத் திறந்த அந்த இடம் இன்று பாதி நூதனசாலை, பாதி வேலைத்தலம். ‘ஸ்டேண்டர்ட் வெயார்’ என்ற பெயரில் முன்பு அங்கே செய்த வீட்டுப் பாவனைப் பாத்திரங்களைப் பார்த்தேன். மூடிச்சட்டி, சூப்புக் கிண்ணம், கோப்பை. மண்ணிறமும் சாம்பல் நிறமும். அலங்காரம் குறைவு. கண்டதும் கறியாக்கத் தோன்றுகிற சட்டிகள்.

கூட வந்த நண்பன் ஒரு கோப்பையின் அடிப்பக்க முத்திரையைக் காட்டி, “ஆரு செஞ்சது எண்டு இதுல இல்லையே மச்சான். கூடத்துட அடையாளம்தானே கிடக்கு?” என்றான்.

அவன் கேட்டது சாதாரணக் கேள்வியல்ல. லீச்சின் நண்பர் யனாகி சோஎட்சு, பெயரறியாத கைவினைஞனின் பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று வாதிட்டவர். அவருடைய கட்டுரைகளை 1972இல் ஆங்கில நூலாக்கித் தந்தவரும் லீச்தான். ஆனால் லீச் தன் சொந்தப் பாண்டங்களில் தன் முத்திரையைக் குத்தினார். அவை கலைப்பொருளாக விலைபோயின. அதே கூரையின் கீழ் மற்றவர்கள் வனைந்த வீட்டுப் பாத்திரங்கள் கூடத்தின் முத்திரையோடு போயின. 1938இல் பதினான்கு வயதில் வேலை பழக வந்த உள்ளூர்ப் பையன் வில்லியம் மார்ஷல், பிற்காலத்தில் லீச் வரைந்து கொடுத்தபடி பெரிய பாண்டங்களை வனைந்து கொடுத்தார். அவை லீச்சின் பாண்டங்களாகவே பேசப்பட்டன. ஹமதா மட்டும், ஜப்பானுக்குத் திரும்பிய பின் தன் பாண்டங்களில் பெயரிடுவதையே விட்டுவிட்டார். பெயரின்மையைப் புகழ்வது வேறு, அதைத் தன்மேல் ஏற்றுக்கொள்வது வேறு.

லீச்சைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. கடற்கரைக்கு மேலேயுள்ள மையவாடியில் அல்ஃபிரட் வாலிஸின் கப்று இருக்கிறது. கடலோடியாக உழைத்து, முதுமையில் அட்டைத் துண்டுகளில் கப்பல்களை வரைந்தவர். 1942இல் ஏழைகள் விடுதியில் மௌத்தானார். அந்தக் கப்றை மூடியிருக்கும் ஓடுகளைச் செய்தவர் லீச். ‘ஓவியர், மாலுமி’ என்று வாலிஸின் பெயரோடு அதில் எழுதியிருக்கிறது. ஓர் ஏழைக்குப் பெயர் கொடுக்கத் தெரிந்த கைதான் அது. தன் கூடத்துச் சக்கரத்தில் இருந்தவர்களுக்கு அது ஏன் எட்டவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்டால், நியாயம்தான். மருதமுனைக் கைத்தறி என்கிறோம். நெய்தவர் பெயர் தெரியாது. தயிர் தீர்ந்ததும் சட்டியை வீசுகிறோம், வனைந்தவரை நினைப்பதில்லை. என் உம்மம்மா படுத்த பன்பாயை இழைத்த பெண்ணின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. புலவர்களின் பெயர்களைத் தேடித் தேடிப் பதிந்த நம் ஆய்வாளர்கள், இந்தப் பெயர்களையும் கேட்டெழுத வேண்டும். சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்போம்.