குமிழிக்குள் என்ன எழுதுவது?

மலேசியக் கலைத்திட்ட வரலாற்றைச் சுருக்கெழுத்திலேயே சொல்லிவிடலாம். 1983இல் கே.பி.எஸ்.ஆர்., 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர்., 2017இல் கே.எஸ்.எஸ்.எம். அடுத்தது 2027இல். மனப்பாடத்தை ஒழிக்கக் கடைசியாகக் கிடைத்த ஆயுதம் உயர்நிலைச் சிந்தனைத் திறன். எஸ்.பி.எம். கேள்விகளில் பாதியாவது இந்த வகையாக இருக்க வேண்டும் என்று 2013 கல்விப் பெருந்திட்டம் இலக்கு வைத்தது. ஆசை நல்ல ஆசைதான். எதைப் பற்றிச் சிந்திப்பது என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

தமிழ்ப் பாடத்தையே பார்ப்போம். 391ஆம் குறளைக் கொடுத்து, "இதை உன் வாழ்வில் எப்படிப் பயன்படுத்துவாய்?" என்று கேட்டால் அது உயர்நிலைக் கேள்வி. பதில் எல்லாருக்கும் தெரியும்: நல்லாப் படிப்பேன், படிச்சபடி நடப்பேன். இங்கே பி.ஜே.யில் டியூஷன் போகிற பிள்ளைகள் இதைக் குமிழி வரைபடமாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 'கசடு' என்றால் என்ன, தப்பாகக் கற்றுக்கொள்வதும் உண்டா, வள்ளுவர் ஏன் கற்பதோடு நிறுத்தவில்லை என்று கேட்க, முதலில் அந்தச் சொல் தெரிய வேண்டும். பக்கத்துக் குறள்கள் தெரிய வேண்டும். அதெல்லாம் 'கீழ்நிலை'யாம்!

1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி இருவரும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த 'மந்த' வாசகர்கள், தெரியாத 'கெட்டி' வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். செபாக் தக்ராவை வைத்துச் செய்தாலும் வேறு மாதிரி வராது என்றே நினைக்கிறேன். பிசா வாசிப்புத் தேர்வில் நாம் 2018இல் எடுத்தது 415, 2022இல் 388. கோவிட்டும் காரணம்தான், ஆனா அதோடு முடிச்சிட முடியாது.

அறிவுக்குத் திரும்புவோம் என்பவர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. 1987இல் ஹிர்ஷ் ஒவ்வொரு அமெரிக்கரும் அறிந்திருக்க வேண்டியவற்றுக்குப் பட்டியலே போட்டார். யாருடைய பட்டியல்? 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. கூலி உயர்வோடு சேர்த்து இதை ஏன் கேட்டார்கள்? பதில் சொல்ல ரப்பர் விலை, கங்காணி முறை, ஆர்.எச். நாதன், போர்க்காலம் எல்லாம் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு பிள்ளை சும்மா இருக்காது, அதுவே பத்துக் கேள்வி கேட்கும். 2027 பாடநூல் கைக்கு வந்ததும் அந்த சைக்கிள் இருக்கிறதா என்றுதான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.