காலடி மண்ணும் கண்ணாடிப் பூச்சும்

இங்கிலாந்தின் பெர்னார்டு லீச் எழுதிய 'எ பாட்டர்ஸ் புக்' 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. கையால் கலம் வனைவோர் பலர் இன்றும் அதைத் தம் வழிகாட்டியாகக் கொள்கின்றனர். அருகில் கிடைக்கும் மண், கல், சாம்பல் ஆகியவற்றைக் கொண்டே நல்ல கலம் செய்யலாம் என்னும் எண்ணத்தைப் பரப்பியதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. கடியப்பட்டணத்தில் வாழும் ஒருவர் இதை அப்படியே பின்பற்றலாமா?

கருத்துக்கு வேதியியல் துணை நிற்கிறது. கண்ணாடிப் பூச்சுக்கு மூன்று பொருள்கள் தேவை. சிலிகா கண்ணாடியாகிறது. ஆனால் அது தனியே உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். சுண்ணாம்பு, பொட்டாஷ், இரும்பு ஆக்சைடு போன்றவை அதைக் குறைந்த வெப்பத்திலேயே உருகச் செய்கின்றன. உருகியது வழிந்தோடாமல் அலுமினா காக்கிறது. சில களிமண்களில் இம்மூன்றும் இயல்பாகவே உரிய அளவில் கலந்துள்ளன. அமெரிக்காவின் ஆல்பனி நகரருகே கிடைத்த களிமண் அத்தகையது. அதை நீரில் கரைத்துப் பூசிச் சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால், நம் ஊறுகாய்ப் பரணியில் காண்பது போன்ற பழுப்புப் பளபளப்பு வரும்.

வெப்பம் குறைந்தால் கதை வேறு. நம் குயவர் பானைக்குப் பூசும் செம்மண் குழம்பு, ஊர்ச் சூளையின் வெப்பத்தில் உருகுவதில்லை. நிறம் மட்டுமே தருகிறது. எனவேதான் பானை நீரைக் கசியவிட்டுக் குளிர்விக்கிறது. மண் பூச்சையும் கண்ணாடிப் பூச்சையும் ஒன்றெனக் கூறுவோர் இவ்வேறுபாட்டை மறக்கின்றனர்.

நூலின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. லீச் ஜப்பானில் பயின்று, 1920இல் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை தொடங்கியவர். அவருடைய அளவுகள் அவர் கைக்கு எட்டிய பொருள்களுக்கு உரியவை. ஒரே குழியை நம்பிய செய்முறை நிலைக்காது என்பதற்கும் ஆல்பனியே சான்று; 1980களில் அம்மண் வெட்டுவது நின்றதும் கலைஞர்கள் மாற்றுக் கலவைகளைத் தேட வேண்டியதாயிற்று.

நம் கரையில் இன்னொரு செய்தியும் உண்டு. கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் ஆகியவை கலந்துள்ளன. பிரித்தெடுத்துத் தூய்மை செய்த சிர்கான் பூச்சுக்கு வெண்மை தரும். ரூட்டைல் வண்ணக் கீற்றுகள் தரும். மோனசைட்டிலோ கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. "இயற்கைப் பொருள்தானே" என்று கரை மணலை அள்ளி அரைத்து, உணவுக் கலத்துக்குப் பூசுவது தகாது. இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகி விடாது.

ஆகவே நூலிலிருந்து கொள்ள வேண்டியது அதன் அளவுகளை அல்ல, சோதிக்கும் மனப்பான்மையை. உள்நாட்டுக் களிமண்ணைச் சலித்துக் கரைத்து, பாதி காய்ந்த சிறு ஓடுகளில் பூசிச் சுட்டுப் பாருங்கள். உருகியதா, உரிந்ததா, வழிந்ததா என்று குறித்து வையுங்கள். காலடி மண்ணைப் பற்றிய நூலை அப்போது நீங்களே எழுதத் தொடங்கியிருப்பீர்கள்.