கலவைக்கு ஒரு வெப்பமானி, ஆளுக்கு?

கோடையில் கட்டுமானத் தளத்துக்கு கான்கிரீட் லாரி வந்து நின்றதும் கலவையில் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பார்கள். 35 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் தரக்குறிப்பு. தாண்டினால் லாரி திரும்பிப் போக வேண்டியதுதான். அதற்காகவே கலவையில் பனிக்கட்டி சேர்க்கிறார்கள், ராத்திரியில் ஊற்றுகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்த்த பொறியாளர் யாருக்கும் இது புதிதல்ல.

பக்கத்தில் கம்பி கட்டும் ஆளின் உடம்புக்கு அப்படி ஓர் அளவு கத்தார் சட்டத்தில் 2021 வரை இல்லை. கோடை மாதங்களில் காலை 11.30 முதல் 3 மணி வரை வெளிவேலை கூடாது என்ற 2007ஆம் ஆண்டின் நேரத்தடை மட்டுமே இருந்தது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1ஐத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்ற விதி 2021 மே மாதம்தான் வந்தது. அதற்குள் கால்பந்து உலகக் கோப்பைக்கான எட்டு அரங்கங்களில் நான்கு திறக்கப்பட்டுவிட்டன.

கத்தாரில் எதுவுமே மாறவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. போட்டி ஏற்பாட்டுக் குழு 2014இல் தொழிலாளர் நல விதிகளை வகுத்து ஒப்பந்தத்திலேயே சேர்த்தது. கேம்பில் ஓர் அறைக்கு நான்கு கட்டிலுக்கு மேல் கூடாது, பாஸ்போர்ட் தொழிலாளி கையில் இருக்க வேண்டும், சம்பளம் வங்கி வழியாக வர வேண்டும், வெளியார் வந்து தணிக்கை செய்ய வேண்டும். ஊரில் ஏஜென்டிடம் கட்டிய பணத்தைக்கூடப் பல ஒப்பந்ததாரர்கள் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. வட்டிக்கு வாங்கி விமானம் ஏறியவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாட்டில் விளக்கத் தேவையில்லை. 2020இல் முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறலாம் என்று சட்டமே திருத்தப்பட்டு, தொழிலாளியை முதலாளியோடு கட்டிவைக்கும் கஃபாலா முறையின் பிடி தளர்ந்தது. மறு ஆண்டு 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளமும் வந்தது.

ஆனால் அந்த நல விதிகள் அரங்கத்தின் வேலியோடு நின்றுவிட்டன. சுமார் 20 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் அவை எட்டியது மிகச் சிறு பகுதியையே. சாலையும் ஓட்டலும் கட்டியவர்கள் சப் கான்ட்ராக்டரின் தயவில்தான் இருந்தார்கள். அதைவிடப் பெரிய குறை சாவைக் கணக்கெடுத்த விதம். அரங்கப் பணிகளில் வேலை தொடர்பான மரணம் 3, தொடர்பில்லாதது 37 என்றது ஏற்பாட்டுக் குழு. அந்த 37இல் பல, இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று பதிவானவை. இளவயது ஆளின் இதயம் ஏன் நின்றது என்று பிரேதப் பரிசோதனை செய்து பார்க்காமலே 'இயற்கை மரணம்' என்று எழுதிவிட்டால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடையாது. 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வு, இதயநோய் மரணங்களாகப் பதிவான 571இல் சுமார் 200ஐத் தவிர்த்திருக்கலாம் என்று மதிப்பிட்டது.

இதில் பொறியாளருக்கு என்ன பங்கு? 2014இல் தொழிலாளர் மரணங்கள் பற்றிக் கேட்கப்பட்டபோது கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத், அது அரசு பார்க்க வேண்டிய காரியம், தம் கையில் இல்லை என்றார். உலகக் கோப்பைக்காக அவர் வடிவமைத்த அல் வக்ரா அரங்கத்தின் கட்டுமானம் அப்போது தொடங்கியிருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த மாதம் எந்தத் தளம் எழும்ப வேண்டும், எதைத் தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவரலாம், எத்தனை ஷிப்ட், தாமதத்துக்கு எவ்வளவு அபராதம் என்பதெல்லாம் வடிவமைப்பவரும் திட்டமிடுபவரும் சேர்ந்து முடிவு செய்பவை. ஜூலை வெயிலில் எத்தனை பேர் கூரை மேல் நிற்பார்கள் என்பதும் அங்கேயே தீர்மானமாகிறது. பொதுமக்களின் பாதுகாப்பே முதற்கடமை என்கின்றன பொறியாளர் சங்கங்களின் நெறிமுறைகள். அரங்கத்தில் உட்காரப் போகிறவரைப் போலவே அதைக் கட்டுகிறவரும் அந்தப் பொதுமக்களில் ஒருவர்தான்.

நம் கல்லூரிகளில் படித்து வளைகுடாவுக்கு சைட் என்ஜினியராகப் போகும் தம்பிகளே, தங்கைகளே, வேலை அட்டவணையில் கையெழுத்துப் போடும் முன், தளத்தில் வெப்பக் குறியீட்டை யார் அளக்கிறார்கள், வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.