ஒரே குழியும் இரண்டு உபாயங்களும்

பதினைந்து பந்துகளையும் ஆறு குழிகளையும் வைத்துக்கொண்டு, அக்குழிகளுள் நான்கை ஏறக்குறைய அலங்காரமாக்கிவிட்டு, பந்துகளை அடுக்கும் முனையின் இரு மூலைகளை மட்டும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கும் 'ஒன் பாக்கெட்', அமெரிக்கப் பூல் மேசை ஈன்ற விசித்திரமான சிருஷ்டி. தன் குழியில் முதலில் 8 பந்துகளை வீழ்த்தியவன் வென்றான். எதிராளியின் குழியில் விழுந்தது எதிராளியின் கணக்கில் சேரும். மற்றக் குழிகளில் விழுந்தது மேசைக்கே திரும்பும். கேரம் பலகையின் நான்கு மூலைகளும் யாவர்க்கும் பொதுவென்று பழகிய நம்மவர், ஆளுக்கு ஒரு மூலைதான் என்று விதித்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால், காயை வீழ்த்தும் திறமையைக் காட்டிலும் ஸ்ட்ரைக்கரை எங்கே நிறுத்துவது என்னும் யோசனையே பிரதானமாகிவிடுவதை உடனே உணர்வர்.

இந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் தற்காப்பு மார்க்கம். அதன் நியாயம் எளிது. மேசையிலுள்ள பந்துகளிற் பெரும்பாலானவை எந்த நேரத்திலும் நம் மூலையை நோக்கி நிற்பதில்லை. ஆசைப்பட்டு அடித்துத் தவறினால் குவியல் கலைந்து எதிராளிக்கு வழி திறக்கும். கைதேர்ந்தவன் ஒரே முறையில் எட்டையும் முடித்துவிட வல்லவன். ஆதலால் ஆட்டத்தின் முதல் அடியே பந்துகளைச் சிதறடிக்கும் அடியாக இல்லாமல், குவியலை மெதுவாகத் தொட்டு, சில பந்துகளைத் தன் குழியின் பக்கம் சாய்த்து, வெள்ளைப் பந்தை எதிராளிக்கு நேர்வழி ஏதும் கிட்டாத இடத்தில் கரையோடு ஒட்டி நிறுத்தும் அடியாக அமைகிறது. இக்கட்டு முற்றினால் வேண்டுமென்றே ஃபவுல் செய்து, ஒரு பந்தைத் தண்டமாகக் கட்டிவிட்டு, ஆபத்தை எதிராளியின் தலையில் இறக்கிவிடுவதும் இம்மார்க்கத்தில் கௌரவக் குறைவன்று. தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தவன் தோற்றான் என்னும் விதி இல்லாவிடில் இந்தத் தந்திரத்துக்கு முடிவே இராது.

குறையும் இங்கேதான் தலைகாட்டுகிறது. அடித்தபின் ஏதேனும் ஒரு பந்து கரையைத் தொட வேண்டும் அல்லது குழியில் விழ வேண்டும் என்பது விதியாதலால், இந்த ஆட்டத்தில் சும்மா இருத்தல் என்பது எவர்க்கும் சாத்தியமன்று. ஒவ்வொரு முறையும் மேசை மாறியே தீரும். அம்மாற்றம் தனக்கு அனுகூலமாக ஒரு பந்தையேனும் நகர்த்தவில்லையென்றால், அது தோல்வியை ஒத்திப்போடுவதன்றி வேறொன்றையும் சாதிப்பதில்லை. பின்தங்கியவன் பந்துகளையெல்லாம் மேசையின் மறுகோடிக்கு அனுப்பிவிடும் வழக்கம் இதற்குத் தக்க உதாரணம்: எதிராளியைச் சிறைப்படுத்துவதாக எண்ணித் தன்னையும் அச்சிறையிலேயே அவன் பூட்டிக்கொள்கிறான், ஏனெனில் அங்கிருந்து தன் மூலைக்கும் அதே நெடுந்தூரந்தான். பார்ப்பவர்க்குச் சலிப்பூட்டுகிறது என்று இதைப் பழிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. பந்தயப் பணத்துக்காக விடிய விடிய ஆடியோர் வளர்த்த ஆட்டம் பார்ப்பவரின் சௌகரியத்தைப் பொருட்படுத்த வேண்டிய அவசியமில்லை.

1961-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜான்ஸ்டன் சிட்டி என்னும் சிற்றூரில் ஜான்ஸ்கோ சகோதரர்கள் தொடங்கிய போட்டி, முதல் ஆண்டில் இந்த ஓர் ஆட்டத்துக்கென்றே நடந்தது. அக்காலத்தில் புகழெய்திய ரானி ஆலன், பதுங்கி ஆடுவதே விவேகம் என்றிருந்த மனோபாவத்தைத் தம் வேகமான ஆட்டத்தால் அசைத்தவராகப் போற்றப்படுகிறார். எனினும் தாக்குதல் என்னும் இந்த மற்றொரு மார்க்கத்தின் பெருமையை விழுந்த பந்துகளை எண்ணி அளப்பது பிழை. விழாமற் போன பந்தும் தாக்கி ஆடுபவனின் குழியின் வாயருகே வந்து நின்றுவிட்டால், எதிராளி தன் காரியத்தை விட்டு அதனை அகற்ற ஓட வேண்டும். அத்தகைய இரண்டு மூன்று பந்துகள் சேர்ந்துவிட்டால், எத்துணைப் பொறுமைசாலியும் ஏதேனும் ஒன்றைக் கோட்டை விடுவான். வெறும் தைரியத்தால் ஆடுகிறவனோ இந்த நிர்ப்பந்தத்தை உண்டாக்குவதில்லை. பந்தைக் குறிவைத்த அளவிலேயே அவன் சிந்தனை தீர்ந்துவிடுகிறது, வெள்ளைப் பந்து எங்கேயோ போய் எதிராளிக்கு விருந்தாகிறது.

எனவே சிறப்புடையது கரையில் மோதித் திரும்பித் தன் குழிக்குப் பாயும் அடி, அதிலும் தவறினாலும் பந்து தன் பக்கத்திலேயே தங்கி, வெள்ளைப் பந்து எட்டாத இடத்துக்குச் சென்றுவிடும்படி அளந்து அடிக்கும் அடி. பிலிப்பைன்ஸ் நாட்டின் எஃப்ரன் ரெயஸ், 1999 முதல் நடந்துவரும் டெர்பி சிட்டி கிளாசிக் போட்டியில் இவ்வாட்டத்தின் பட்டத்தைப் பலமுறை வென்றவர்; அவருடைய ஆட்டத்தில் இன்னது தற்காப்பு, இன்னது தாக்குதல் என்று பிரித்துரைப்பது பெரும்பாலும் வீண் முயற்சியே.

இவ்வளவும் கூறியபின் கணக்கின் நிலையையும் நோக்க வேண்டும். ஏழுக்கு மூன்று என்று முன்னணியில் நிற்பவன், வெற்றி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்னும் அச்சத்தால் திடீரென்று பதுங்கத் தொடங்குவதுதான் நான் கண்ட தவறுகளுள் மிகப் பொதுவானது. அவனுக்கு வேண்டியது ஒரே பந்து. தன் மூலைக்கு அருகே தள்ளப்படும் ஒவ்வொரு பந்துக்கும் எதிராளி தன் முறை ஒன்றைச் செலவிட்டாக வேண்டும், அம்முறையில் அவன் கணக்கில் ஒன்றும் ஏறப்போவதில்லை. பதுங்கும் உரிமை பின்தங்கியவனுக்கே உண்டு. முன்னணியாளன் அவனைப் பின்பற்றிப் பந்துகளை அப்பாற்படுத்தும்போது, நான்கு பந்துகள் பின்தங்கியவன் மிகவும் வேண்டி நிற்கும் அவகாசத்தைத் தானே வலிய வழங்கிவிடுகிறான்.