போதா சிங் வீடு திரும்பினானா?

சந்திரதர் சர்மா குலேரியின் ‘உஸ்னே கஹா தா’ 1915 ஜூனில் ‘சரஸ்வதி’ இதழில் வந்தது. இந்திச் சிறுகதை பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இங்கே வந்து நிற்பார்கள். நின்றதும் காதல் கதை என்பார்கள். அமிர்தசரஸ் கடைத்தெருவில் 12 வயதுப் பையன், 8 வயதுப் பெண். 25 வருஷம் கழித்து அவள் கேட்கும் ஒரு பிச்சை, அதற்காக அவன் விடும் உயிர். தப்பில்லைதான். ஆனால் இந்தத் தடவை வாசிக்கும்போது என் கண் போதா சிங்கை விட்டு நகரவில்லை. பதுங்குகுழிக்குள் காலி பிஸ்கட் டின்கள் மேல், குளிர்ஜுரத்தில் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறானே, அவன்.

சுபேதார் ஹஜாரா சிங்கின் மகன். பட்டாளத்தில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவனுக்குப் பின்னால் பிறந்த நாலு பிள்ளைகளும் தங்கவில்லை. அதனால்தான் அவன் அம்மா ஜமேதார் லஹனா சிங்கிடம் முந்தானையை விரிக்கிறாள். லஹனா தன் கம்பளிகளைக் கொடுக்கிறான், ஜெர்சியையும் கழற்றிப் போடுகிறான், தனக்கு வேறு இருக்கிறது என்று பொய் சொல்கிறான்.

போர்க்கதை என்கிறோம், உள்ளே முழுக்க நிலம்தான். லஹனா லீவில் ஊருக்குப் போனதே நில வழக்கு நடத்த. சுபேதாரின் வீரத்துக்கு சர்க்கார் கொடுத்தது லாயல்பூரில் நிலம். சண்டை முடிந்ததும் பிரான்சிலேயே கொஞ்சம் நிலம் கேட்டு வாங்கிப் பழமரம் வைக்கலாம் என்று குழிக்குள் பேச்சு நடக்கிறது. சாகும்போது லஹனாவுக்கு நினைவு வருவது தன் கையால் நட்ட மாமரம். எல்லாவற்றிலும் கொடுமையானது வஜீரா சிங் அடிக்கும் ஜோக்: நிமோனியாவில் செத்தால் முரப்பா கிடைக்காதாம். முரப்பா என்றால் சதுரமாக அளந்த நிலம். மேற்குப் பஞ்சாபில் கால்வாய் வெட்டிய பிரிட்டிஷ் அரசு, அந்தப் பாசன நிலத்தில் ஒரு பங்கைப் பட்டாளத்துக்காரர்களுக்குக் கொடுத்தது. குண்டடிக்கு ஒரு விலை உண்டு, காய்ச்சலுக்கு அதுவும் இல்லை. இந்த ஒரு கிண்டலில் குலேரி சொல்லிவிட்ட அரசியலை, கதையின் மற்ற பக்கங்களில் அவரே கண்டுகொள்வதில்லை. ஜெர்மன்காரன் சாகிப் வேஷம் போட்டு வருவதும், சீக்கியனுக்கு சிகரெட் நீட்டி மாட்டிக்கொள்வதும் சுவாரசியம்தான், ஆனால் நாடகக் கொட்டகை வாசனை. இவர்கள் ஏன் இங்கே சாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியில் ஆம்புலன்ஸ் வண்டி வருகிறது. போதா ஜுரத்தில் பிதற்றிக்கொண்டே ஏற்றப்படுகிறான். விலாவில் பட்ட காயத்தை மறைத்துக்கொண்டு லஹனா வழியனுப்புகிறான். பையன் பிழைத்தான், வீட்டுக்குப் போய்விடுவான் என்று நாமும் மூச்சு விடுகிறோம். இத்தனை வருஷமாக நானும் அப்படித்தான் வாசித்தேன்.

1914 செப்டம்பரில் மார்செய்ல்ஸில் இறங்க ஆரம்பித்த இந்தியக் காலாட்படை, 1915 கடைசிவரை பிரான்சில் இருந்தது. அந்தச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்துக் கோப்பில் வைத்தது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மனக்குறை: ஆஸ்பத்திரியில் குணமானவனை ஊருக்கு அனுப்பாமல் மறுபடி போர்முனைக்கே அனுப்புகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வண்டி எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. லஹனாவால் அவனை வண்டிவரைக்கும்தான் கொண்டுபோய் விட முடிந்தது. குணமானால் என்ன நடக்கும் என்பது சர்க்கார் கையில்.

கதை செய்தித்தாளின் மரணப் பட்டியலோடு முடிகிறது. அதில் லஹனா சிங்கின் பெயர் இருக்கிறது. அவள் சொன்னதைச் செய்துவிட்டேன் என்று லஹனா சொல்லியனுப்பியதை சுபேதார் வீட்டுக்கு எழுதியிருப்பார். பையன் எப்போது வருவான் என்பதற்கு என்ன எழுதியிருப்பார்?