சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கம்: குவிமாடமும் புல்தரையும்

சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கம் காலாங் பகுதியில் 2014 ஜூன் மாதம் திறக்கப்பட்ட குவிமாட அரங்கமாகும். 1973 இல் திறக்கப்பட்டு 2007 இல் மூடப்பட்ட பழைய அரங்கம் இருந்த இடத்திலேயே இது எழுந்தது. நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியே ரஜுலா கப்பல் சென்ற ஊர் என்பதால், டெல்டாக்காரர்களுக்குச் சிங்கப்பூர் அயலூர் அன்று.

குவிமாடத்தின் குறுக்களவு 310 மீட்டர். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கூரையின் மையப் பகுதி இரண்டாகப் பிரிந்து நகர்ந்து திறக்கும். அப்பகுதி ஒளி ஊடுருவும் நெகிழிப் படலத்தால் ஆனது. குளிர்காற்று இருக்கைகளுக்கு அடியிலிருந்து வருகிறது. அரங்கம் முழுவதையும் குளிரூட்டாமல், ஆள் உட்காரும் இடத்தை மட்டும் குளிர்விப்பது வெப்பநாட்டுக்கு ஏற்ற சிக்கனமான யோசனை. வடிவமைப்பில் பாராட்ட வேண்டியது கூரையின் அளவை விட இதைத்தான்.

கீழ்வரிசை இருக்கைகள் முன்னும் பின்னும் நகரக்கூடியவை. கால்பந்துக்கும் ரக்பிக்கும் 55,000 பேர் அமரலாம். இருக்கைகளைப் பின்தள்ளினால் தடகள ஓடுபாதை வெளிப்படும். 2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின் தடகளம் இங்கு நடைபெற்றது.

ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான அரங்கம் ஒவ்வொன்றிலும் சற்றுக் குறைபடும். நிழலில் நாற்று தேறாது என்பது காவிரிப் படுகையில் எவருக்கும் தெரிந்த செய்தி, புல்லும் அப்படியே. 2014 அக்டோபரில் பிரேசில் ஜப்பானை 4-0 என வென்றபோது நான்கு கோல்களையும் நெய்மர் அடித்தார். எனினும் மணல் தெரிந்த அந்தத் தரையும் அன்று பெரும் பேச்சாயிற்று. பின்னர் புல்தரை மாற்றப்பட்டது. 2016 தேசிய தின அணிவகுப்பு இங்கு நடந்தபோது, மக்கள் ஆவலுடன் பார்க்கும் வான்குடை வீரர்கள் இடம்பெறவில்லை. வானமே காட்சியின் பாதி என்றிருந்த விழாவைக் கூரைக்குள் கொண்டுவந்தால் வேறென்ன நேரும்?

அரங்கத்தைக் கட்டி நடத்தும் பொறுப்பு முதலில் தனியார் கூட்டமைப்பிடம் இருந்தது. வாடகையும் பொதுமக்கள் பயன்பாடும் தொடர்ந்து விவாதத்துக்கு உள்ளாயின. 2022 டிசம்பரில் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் கச்சேரிகள் குறையவில்லை. 2024 மார்ச்சில் டெய்லர் சுவிஃப்ட் 6 இரவுகள் இங்கு பாடினார். பெருந்திரளைக் கையாள்வதில் இவ்வரங்கம் தேர்ந்துவிட்டது. உள்ளூர்க் கால்பந்துக்கு இது எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதுதான் 'தேசிய' என்ற அடைமொழிக்குரிய அளவுகோல். அதில் பழைய அரங்கமே இன்னும் முன்னால் நிற்கிறது.