‘ஆளில்லாத் தீவு’ என்றொரு கதையாடல்

சுற்றுலா பற்றி நம்மவர்கள் பேசும்போது அந்நியச் செலாவணி, சுற்றுச்சூழல், பண்பாட்டுச் சீரழிவு என்ற மூன்று சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றும் தேவைதான். ஆனால் ரிசார்ட் என்பது கட்டிடமாவதற்கு முன்பே ஒரு கதையாக இருக்கிறது. அந்தக் கதைக்குள் யார் வருகிறார்கள், யார் இல்லாமலாக்கப்படுகிறார்கள் என்று கேட்காதவரை நம் விமர்சனம் வெறும் வரவு செலவுக் கணக்காகவே நிற்கும்.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகள். ‘மக்கள் வசிக்கும் தீவு’ என்று அரசு வகைப்படுத்தியிருப்பவை அவற்றில் 200க்குள்தான். 1972இல் மாலேக்கு அருகே முதல் ரிசார்ட் வந்தது. பெயர் குரும்பா, திவேஹி மொழியில் இளநீர்க் காய். நம் குரும்பைக்குப் பக்கத்து வீட்டுச் சொல். ‘ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்’ என்ற ஏற்பாடு பிறகு கெட்டிப்பட்டது. ஆளில்லாத தீவைக் குத்தகைக்கு விடு, பயணியை நேரே அங்கே இறக்கு, அப்படியே திருப்பி அனுப்பு. மதுவும் நீச்சலுடையும் இந்தத் தீவில். பாங்கு ஒலியும் பள்ளிக்கூடமும் பிள்ளைகளும் வேறு தீவில்.

இதை மத இறுக்கம் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் மூலதனத்துக்கும் இதே சுவர் வேண்டியிருந்தது. அரசு தன் மக்களின் ஒழுக்கத்தைக் காக்கிறது. ரிசார்ட்காரர் தன் விருந்தினரின் தனிமையை விற்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து எழுப்பிய சுவர் இது. பாதுகாப்பு, விற்பனை என்ற இரண்டு சொல்லாடல்களும் எந்த முரணும் இல்லாமல் இதில் கைகோத்துக்கொள்கின்றன.

ஒரு கருத்தரங்கில் மொழிபெயர்க்கப் போய் இப்படிப்பட்ட பெரிய ரிசார்ட் ஒன்றில் நான்கு இரவு தங்கினேன். தீவைச் சுற்றி நடக்க அரை மணி நேரம் ஆகாது. விளிம்பு முழுக்க விருந்தினர் குடில்கள். எல்லாம் கடலைப் பார்த்தபடி, நடுத்தீவுக்கு முதுகைக் காட்டியபடி. நடுவில் ஆள் உயரச் செடிவேலி. வேலிக்கு உள்ளேதான் ஊர் இருக்கிறது: சமையற்கட்டு, ஜெனரேட்டர், கடல்நீரை நன்னீராக்கும் எந்திரம், சலவைக்கூடம், அடுக்குக் கட்டில்கள், ஒரு சின்னப் பள்ளிவாசல். வங்காளதேசத்தவர், இலங்கையர், மலையாளிகள், நம்மூர்க்காரர்கள், மாலத்தீவு இளைஞர்கள். மாலத்தீவுப் பெண்கள் அபூர்வம். விருந்தினர் தொகைக்கு இந்தக் கூட்டம் குறைந்ததில்லை. ஆனாலும் அரசின் பட்டியலில் அது ‘மக்கள் வசிக்கும் தீவு’ அல்ல.

தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அங்கே தோட்ட வேலையில் இருந்தார். கடற்கரை மணலில் எப்போதும் சீப்பு இழுத்த மாதிரிக் கோடுகள் இருப்பதைப் பற்றிக் கேட்டேன்.

“விடியதுக்கு முன்ன பூராத்தையும் வாரி விட்ருவோம்ண்ணே. பின்னால நடந்துக்கிட்டே இழுக்கணும். இல்லன்னா நம்ம காலே பதிஞ்சிரும்லா?”

“பதிஞ்சா என்ன?”

“சூப்பர்வைசர் ஏசுவாரு. கெஸ்ட்டு வரும்போது யாருமே நடக்காத மண்ணா இருக்கணுமாம்.”

தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு பின்வாங்கும் உடல். ரிசார்ட் என்ற பிரதியை வாசிக்க இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. 1719இல் வெளியான டேனியல் டீஃபோவின் நாவலில், ராபின்சன் குரூசோ தன் தீவின் மணலில் ஒற்றைக் காலடித் தடத்தைப் பார்த்து நடுங்கிப்போகிறான். தான் மட்டுமே இருக்கும் தீவு என்ற கதை அங்கேதான் உடைகிறது. அந்த உடைப்பை ரிசார்ட் தினமும் விடியுமுன் பூசி மெழுகிவிடுகிறது. பணம் கட்டிய ஒவ்வொருவரும் காலையில் குரூசோவாகக் கண்விழிக்கலாம். எஜமான் பெயரிட்ட ஃப்ரைடே, சட்டையில் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு காப்பித் தட்டோடு வருவான். அவன் எந்த வழியாக வந்தான் என்று மணலில் தடயம் இருக்காது.

மணலைப் போலவே நேரத்தையும் திருத்துகிறார்கள். மாலத்தீவில் பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்துக்கு ஒரு மணி முன்னே வைத்திருக்கின்றன. சூரியன் சற்றுத் ‘தாமதமாக’ உதித்தால் விருந்தினருக்கு வசதி. நான் பார்த்தவரை வேலைக்காரர்களுக்கு இரண்டு நேரம்: ஷிப்டுக்குத் தீவு நேரம், தொழுகைக்கும் வீட்டுக்குப் போன் போடவும் வெளி நேரம். ‘வேற்று வெளிகள்’ பற்றிய 1967ஆம் ஆண்டு உரையில் மிஷேல் ஃபூக்கோ விடுமுறைக் கிராமங்களைத் தொட்டுச் செல்கிறார். அன்றாடக் காலம் அறுந்து வேறொரு காலம் தொடங்கும் இடங்களாக அவற்றைப் பார்க்கிறார். ஆனால் அது விருந்தினரின் காலம். அந்த அறுபடலைத் தயாரிக்கிறவருக்குக் காலம் அறுவதில்லை, ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்குகிறது. ஃபூக்கோவை மேற்கோள் காட்டுகிற நாம் இந்த இடத்தில் அவரோடு சண்டை போட்டாக வேண்டும்.

கதை, கதையோடு நிற்பதில்லை. 2013இல் மாலத்தீவில் வந்த அமைதியாகக் கூடும் உரிமை குறித்த சட்டம், ரிசார்ட்டுகளில் கூட்டம் கூடுவதைத் தடைசெய்தது. ஆளில்லாத தீவில் கூட்டம் எப்படிக் கூடும்? கற்பனை சட்டமாகிற இடம் இதுதான்.

சுவர் விரிசல் விட்டதும் உண்டு. 2008இல் தேர்தலில் வென்ற முகமது நஷீத் ஆட்சியில், மக்கள் வசிக்கும் தீவுகளிலும் சிறு விருந்தினர் விடுதிகளுக்கு வழி திறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் கையிலும் கொஞ்சம் பணம் புழங்கியது. நீச்சலுடைக்கென்று மட்டும் கடற்கரையில் தனியாக ஒரு துண்டை மறைத்து ஒதுக்கினார்கள். தீவுகளுக்கு நடுவே இருந்த சுவர், தீவுக்குள்ளே தட்டியாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் தட்டிக்கு இந்தப் பக்கம் ஊர் இருக்கிறது என்பது பயணிக்குத் தெரிகிறது. அந்த அளவுக்கு அது முன்னேற்றம்தான்.

‘ரிசார்ட்டுகளை மூடு’ என்ற கோஷம் நமக்கு எளிது. அந்தத் தம்பி அனுப்பும் பணத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்போம். நடுத்தீவில் தூங்குகிறவர்களை அந்தத் தீவின் குடிகளாக யார் எண்ணுவது? அவர்கள் சங்கமாகக் கூடினால் எந்தச் சட்டம் குறுக்கே நிற்கும்? அவர்களுடைய வேலை நேரத்தை எந்தக் கடிகாரம் கணக்கிடுகிறது? அழகான கடற்கரைப் படத்தோடு வரும் பயணக் கட்டுரைகளை இனிமேல் இந்தக் கேள்விகளோடுதான் படிக்க வேண்டும். தமிழில் அவை நிறையவே வருகின்றன. அவற்றின் மணலும் சுத்தமாக வாரி விடப்பட்டே இருக்கிறது.